பாலத்துக்கு முந்திய நிழல்

பாலம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே பாலத்தின் நிழல் ஈச்சங்குண்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, மதுரையில் பாலங்கள் வடிவமைக்கும் ஓர் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் திரவியநாதன் சார் வரைபடத்தின் கீழ் மூலையில் கையெழுத்துப் போட்டு, மை காய ஒரு தடவை ஊதினார்; அதே பதினொன்றே கால் மணிக்கு, வருசநாட்டு மலைக்குக் கீழே, இலவங்காய் காயப்போட்டிருந்த களத்தின் மேல், ஆறு தூண்களும் வளைந்த தளமும் இரண்டு ஓரமும் கைப்பிடிச்சுவரும் கொண்ட ஒரு நிழல், மேலே ஒன்றுமே இல்லாத வெற்று வானத்திலிருந்து சத்தமில்லாமல் விழுந்தது. களத்திலிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், மேகமில்லை, பருந்தில்லை, ஆகவே குனிந்து காய்களை வெயில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். காய் காயவேண்டும். காய்ந்தால்தான் உடைக்கலாம், உடைத்தால்தான் பஞ்சு.

இதெல்லாம் எப்படி நடக்கும் என்று என்னிடம் சண்டைக்கு வருகிறவர்களிடம் நான் திருப்பி ஒன்று கேட்பேன். அணையைப் பன்னிரண்டு அடி உயர்த்துவது என்று ஏதோ ஓர் அறையில் முடிவாகி, அதனால் பழைய ரோடு தண்ணீருக்குள் போகும் என்று இன்னோர் அறையில் முடிவாகி, அந்த ரோட்டைப் பெயர்த்து மேலே சரிவில் வைத்து ஓடையைத் தாண்ட ஒரு கான்கிரீட் பாலம் போடலாம் என்று மூன்றாவது அறையில் முடிவாகி, இந்த மூன்று அறைகளிலும் ஈச்சங்குண்டின் பத்தொன்பது வீடுகளைப் பற்றி ஒரு வாய்கூட ஒரு வார்த்தை பேசாமல் இருக்க முடியுமென்றால், அந்தப் பாலத்தின் நிழலாவது நேரில் வந்து தகவல் சொன்னதில் என்ன அதிசயம்? அரசாங்க நோட்டீஸைவிட நிழலுக்கு மரியாதை தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த வளைவைப் போட்டவள் நான். பெயர் அங்கயற்கண்ணி, காலேஜில் எல்லாவற்றுக்கும் எழுந்து நின்று மறுப்புச் சொல்வதால் ‘அப்ஜெக்‌ஷன் அங்கை’. எம்.இ. கடைசி வருஷ ப்ராஜெக்டுக்காக ஆறு மாதம் திரவியநாதன் சாரிடம் உட்கார்ந்திருந்தேன். ஏழு கண் பாலம். ஒரு கண்ணுக்கு முப்பது மீட்டர். ஓடையைத் தாண்டியதும் நூற்றைம்பது மீட்டர் ஆரத்தில் திரும்ப வேண்டும். சர்வேயர் இடத்தை அளந்து குறித்த பீல்டு புக்கில் இருந்தபடி வலப்பக்கம் திருப்பினேன். “நேராப் போற பாலம் கனத்தைத் தாங்கினாப் போதும்மா,” என்று முதல் நாளே சார் சொன்னார். “வளையற பாலம் முறுக்கையும் சேத்துத் தாங்கணும்.” அதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன், தேர்வுக்கு வரும் என்று நினைத்து.

நிழல் வந்த முதல் வாரம் ஊர் களத்தை இடம் மாற்றியது. இரண்டாவது வாரம் நிழலுக்காகச் சண்டை வந்தது, யார் வீட்டுக்கு எத்தனை நாழிகை என்று. ஊரில் யாரும் தூண் என்று சொல்லவில்லை, கால் என்றார்கள். முதக்கால், ரெண்டாங்கால், மூணாங்கால். டீக்கடை பெத்தணன் பெஞ்சை ரெண்டாங்கால் நிழலில் போட்டார். அது நகர்ந்துகொண்டே இருந்ததால் அரை மணிக்கொரு தரம் எல்லாரும் கிளாஸோடு எழுந்து, பேச்சை நிறுத்தாமல், பெஞ்சை நாலடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்கள், இப்படி ஈச்சங்குண்டின் அரசியல் விவாதம் தினமும் காலையில் மேற்கே தொடங்கிச் சாயந்தரம் கிழக்கே போய் முடிந்தது. “மூணாங்கால் கெணத்தத் தொட்டுருச்சு, பள்ளிக்கூடம் விட்டுருவாக” என்றார்கள் தாய்மார்கள், கடிகாரத்தைப் பார்க்காமல். வி.ஏ.ஓ. டேப்போடு வந்து நிழலை அளந்தார். ஒரு முனையைக் கல்லில் செருகிவிட்டு மறுமுனைக்கு நடப்பதற்குள் நிழல் நகர்ந்திருந்தது. மூன்று தடவை நடந்தார், வியர்த்தார், பெத்தணனிடம் ஒரு டீ குடித்தார், ‘ஆக்கிரமிப்பு ஏதும் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார். மேகம் மூடிய நாட்களில் நிழல் வராது. அன்றைக்கு ஊரே ஏதோ ஒன்று குறைந்த மாதிரி கால் மாற்றி நின்றது.

சித்திரை பிறந்தபோது நிழலில் வண்டிகள் ஓட ஆரம்பித்தன. லாரி, வேன், மோட்டார் சைக்கிள், நாலு நாற்பதுக்கு ஒரு பஸ். நாய்கள் மூன்று நாள் குரைத்தன, பிறகு அலுத்துவிட்டன. பவுன்தாயியின் பக்கத்து வீட்டு ஒச்சம்மா, வாய் ஓயாதவள், களத்தில் இருந்தபடி கை நீட்டி பஸ் நிழலை நிறுத்தப் பார்த்தாள். “நிக்க மாட்டேங்குது பாத்தியா. நெசமான டவுன் பஸ்ஸுதான், சந்தேகமே வேணாம்,” என்றாள்.

அந்த நாலு நாற்பது பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் முன்னால், டவுன் பக்கமிருந்து, ஒரு மனுஷ நிழல் நடந்து வந்தது.

பவுன்தாயியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயது, புருஷன் இல்லை, இலவங்காய் உடைத்துப் பஞ்சு பிரிக்கிறவள், பேசும்போதுகூட இமை மயிரில் பஞ்சு ஒட்டியிருக்கும். ஒரே மகன் சுருளிவேல். பன்னிரண்டு வயதில் இலவ மரத்திலிருந்து விழுந்து இடது கால் முறிந்தது. கட்டு வைத்தியத்தில் கூடியது, ஆனால் முக்கால் அங்குலம் குட்டையாகக் கூடியது. ஏற மாட்டேன் என்றவனை “ஒத்தக் கொப்புத்தான்டா, ஏறு” என்று ஏற்றிவிட்டவள் அவள்தான். அதற்கப்புறம் அவன் நடந்தால் தட்-டக், தட்-டக் என்று கேட்கும்; பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ‘தாளம்’ என்று பெயர். பதினேழு வயதில் மெத்தைப் பஞ்சு ஏற்றிய லாரியில் ஏறிப் போனான். பதினோரு வருஷம். ஒரு போன் இல்லை, ஒரு தகவல் இல்லை.

நிழலைப் பார்த்ததும் பவுன்தாயி மடியிலிருந்த காய்கள் உருள எழுந்தாள்.

“ஒச்சு, அது எம்மகன்.”

“கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு? ஒம்மகன் நடந்தா ஊரே தாளம் போடும். இவன் நூல் புடிச்ச மாதிரி வாரான்.”

“எடது தோளப் பாரு, அமுக்கிக்கிட்டு வாரான். திரும்பிப் போறப்பப் பாரு.”

அந்த நிழல் மூணாங்காலுக்கு மேலே வந்து நின்றது. கைப்பிடிச்சுவரில் கையூன்றிக் குனிந்து கீழே பார்த்தது, நாலு நிமிஷம். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தது. நடக்கும்போது நொண்டியது, சுருளி நொண்டியதைப்போல இரண்டு மடங்கு நொண்டியது. ஒச்சம்மா வாயை மூடிக்கொண்டாள். ஈச்சங்குண்டில் அந்த வருஷம் நடந்த அதிசயம் என்றால் அதுதான்.

மண் பரிசோதனைக்காக நான் அங்கே முதன்முதலாகப் போனபோது பவுன்தாயி என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். “இஞ்சினியருக்குப் படிச்ச புள்ள நீ சொல்லு தாயி. வாரப்ப நேரா வாரான், போறப்ப நொண்டுறான், இது எம்மகனா இல்லையா?”

நான் சொன்னேன். எனக்குத்தான் கேள்வி என்று ஒன்று காதில் விழுந்தால் பதிலை அடக்கத் தெரியாதே. வளைவில் போகிற வண்டி வெளியே தூக்கி எறியப்படாமலிருக்கப் பாலத்தின் வெளி ஓரத்தை உயர்த்திப் போடுவோம் என்றேன், நூற்றுக்கு ஏழு. வலப்பக்கம் வளைகிற பாலத்தில் டவுனிலிருந்து வருகிறவருக்கு இடது பக்கம் மேடு. இடது கால் முக்கால் அங்குலம் குட்டையானவருக்கு அந்த மேடு கிட்டத்தட்டச் சரிக்கட்டிவிடும். திரும்பிப் போகும்போது அதே கால் பள்ளத்தில் விழும், நொண்டல் இரட்டிப்பாகும். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

“அப்ப எம்மகனுக்குன்னே போட்ட பாலமா தாயி?”

“இல்லம்மா, இது புக்குல இருக்கிற கணக்கு. எல்லா வளைவுக்கும் இப்படித்தான்.”

“எந்தப் புஸ்தகமோ. வீட்டுக்கு வாரப்ப எம்மவன நேரா நடக்க வச்சிருக்கீக.”

நாலரைக்கு அவள் தன் வாசலில் போய் உட்கார்ந்தாள். இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. தினமும் ஒரு விரல்கடை தள்ளி உட்கார வேண்டும், அதுவும் தெரிந்திருந்தது. மகன் வந்தான், குனிந்தான், குனிந்த தலையின் நிழல் அவள் மடியில் வந்து விழுந்தது. அவள் தொடவில்லை. தொட்டால் கையின் மேல் விழும், மடியில் இருக்காது என்று கைகளைப் பின்னால் ஊன்றிக்கொண்டு, நாலு நிமிஷம், மூச்சைக்கூடச் சின்னதாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் அந்த நாலு நிமிஷமும் சத்தம் போடாது. பெத்தணன் டீ ஆற்றுவதை நிறுத்திவிடுவார்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு நான் உருகிப் போயிருக்க வேண்டும். ஆனால் அன்று உச்சி வெயிலில் வேறொன்றையும் பார்த்திருந்தேன். நாலாங்கால் பவுன்தாயியின் ஓட்டுக்கு மேல், சரியாக அடுப்படிக்கு மேல் நின்றது. ஐந்தாங்கால் ஒச்சம்மா வீட்டில். பாலத்துக்காக எடுக்கும் அகலத்தில் பத்தொன்பது வீடும் காலி. வடக்கே திரும்பிப் பார்த்தால் சரிவு முழுக்கத் தேக்குத் தோப்பு, ஒரு குடிசை கிடையாது. எனக்கு ரத்தம் கொதித்தது. மறுநாள் சாரின் மேஜைக்கு முன்னால் நின்றேன்.

“வடக்க ஒரு வீடு இல்ல சார். தெக்க பத்தொன்பது வீடு. ஏன் சார் தெக்க வளைக்கிறோம்? பஞ்சு உடைக்கிறவங்கன்னா கேக்க ஆளில்லன்னா?”

“வளைச்சது நீ.”

“நீங்க குடுத்த பீல்டு புக்குப்படி வளைச்சேன்.”

“அப்ப பீல்டு புக்கைப் போய்ப் பாரு,” என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. அவர் சண்டை போடவே மாட்டார். என்னைப் போன்றவர்களுக்கு அது அடி வாங்குவதைவிட மோசம்.

நான் பீல்டு புக்கைப் பார்க்கவில்லை. கோபம் வந்தால் மனு எழுதுகிறவள் நான், புத்தகத்தைப் புரட்டுகிறவள் இல்லை. ஏழு பக்கம் எழுதினேன். சதி என்ற சொல் பதினாலு இடத்தில் வந்தது. பஸ் பிடித்து ஈச்சங்குண்டுக்குப் போய் வீடு வீடாகக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினேன். பதினெட்டு வீடு ஆயிற்று. பவுன்தாயி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“நான் போட மாட்டேன் தாயி. பாலம் இங்கனதான் வரணும்.”

“உங்க வீடு போயிரும்மா.”

“போகட்டும்.”

“ரோடு வடக்க போனாலும் உங்க மகன் அதுல வரலாமில்ல?”

“அங்கிட்டு வந்தா நேரா நடப்பானா?”

இல்லை. இடப்பக்கம் வளைந்தால் மேடு மாறிவிடும். வரும்போதுதான் இரண்டு மடங்கு நொண்டுவான். தெரிந்தே நான் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனேன். வாதத்தில் ஜெயிக்கிறவர்கள் அப்படித்தான், பதில் இல்லாத இடத்தைத் தாண்டிவிடுவோம். தாண்டி, என்னிடமிருந்த கூர்மையான கத்தியை எடுத்தேன்.

“யோசிச்சுப் பாருங்கம்மா. அந்தப் பாலம் வந்தாத்தானே அவர் அதுல நிப்பாரு? பாலம் வந்துட்டா இங்க உங்க வீடு இருக்காது. நீங்களும் இருக்க மாட்டீங்க. அப்ப அவர் குனிஞ்சு பாக்குறது உங்களை இல்ல. ஒண்ணும் இல்லாத இடத்தைப் பாத்துட்டுத்தான் தினமும் திரும்பிப் போறார்.”

சொல்லி முடித்ததும் எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. பவுன்தாயி அழவில்லை. இமையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்து விரலில் உருட்டினாள்.

“அத நான் யோசிக்காமயா இருப்பேன்? வீடு இருந்தா ஒரு நா வந்து எட்டிப் பாப்பான். ஓட்டுல பொகை வருது, ஆத்தா நல்லாத்தான் இருக்குன்னு போயிருவான், மறுக்கா வர மாட்டான். இல்லைன்னாத்தான் தாயி தெனமும் வருவான். தேடுறான்ல. தேடுறவன் ஒரு நா எறங்கி வந்துருவான்.”

பதினெட்டுக் கையெழுத்தோடு மதுரை திரும்பினேன். மனுவோடு இணைக்க ஒரு நகல் எடுக்கலாம் என்று, அப்போதுதான், பீல்டு புக்கைத் திறந்தேன். முப்பத்தொன்றாம் பக்கம். சர்வேயர் அழகுமலை பச்சை மையில் குண்டு குண்டாக எழுதியிருந்தார்: ‘ஓடை கழிந்ததும் வ. திருப்பம். ஆரம் 150.’ முந்தின பக்கத்தைப் புரட்டினேன்: ‘தெ. கிணறு. கி. புளியமரம். வ. எல்லைக்கல்.’ அதற்கு முந்தின பக்கம், அதற்கும் முந்தினது. அந்த மனுஷர் புத்தகம் முழுவதும் இடது வலது என்று ஒரு தடவைகூட எழுதவில்லை; அவருக்கு உலகத்தில் இருந்ததெல்லாம் நாலு திசைகள்தான். வ. என்றால் வடக்கு. நான் வலது என்று வாசித்திருந்தேன். கிழக்கே போகிற ரோட்டில் வடக்கு இடப்பக்கம். ஒரே ஓர் எழுத்து. அதை வைத்துக்கொண்டு ஒரு பாலத்தைத் தூக்கிப் பத்தொன்பது அடுப்புகள் மேல் வைத்துவிட்டு, அதற்காக ஊரிலுள்ள எல்லாரையும் திட்டி ஏழு பக்கம் எழுதியிருந்தேன்.

சாரிடம் போய் நின்றேன். பீல்டு புக்கை மேஜை மேல் விரித்து வைத்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது.

“நீ வளைச்ச மூணாம் நாளே பாத்துட்டேன்மா. மேல போய்ச் சொன்னேன். வடக்க இருக்கற தேக்குத் தோப்பு ஒரு பெரிய மனுஷனோடது. வ-ன்னா வலதுன்னே இருக்கட்டும்னாங்க.”

“நீங்க என்ன சார் சொன்னீங்க?”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

அப்படியானால் சதியும் உண்மைதான்; ஆனால் அது என் பிழையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. நான் தப்புச் செய்யாமல் இருந்திருந்தால் அவர்களுக்கு உட்கார இடம் கிடைத்திருக்காது. இந்த இரண்டில் எது பெரிய குற்றம் என்று இன்றைக்கும் என்னோடு நானே வாதாடுகிறேன், இரண்டு பக்கமும் நானே ஜெயிக்கிறேன்.

வைகாசியில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. அதிகாரிகளுக்கு நாற்காலிகளை ரெண்டாங்கால் நிழலில் போட்டார்கள். அவர்களும் அரை மணிக்கொரு தரம் ஃபைலோடு எழுந்து நாலடி தள்ளி உட்கார்ந்தார்கள், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ரிட்டையர் ஆகிப் பேரனோடு விளையாடிக்கொண்டிருந்த அழகுமலையை நான் தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருந்தேன். பெரிய அதிகாரி பச்சை மைப் பக்கத்தைக் காட்டிக் கேட்டார்.

“வ-ன்னா என்ன?”

“வடக்குங்கய்யா. முப்பத்தாறு வருசமா வ-ன்னா வடக்குதான்.”

“வலதுன்னு வாசிச்சா?”

“வாசிச்ச ஆளு தப்புங்க.”

“அந்த ஆள் நான்தான் சார்,” என்று எழுந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதிக்கொண்டிருந்ததால் அதிகாரிகளுக்கு வேறு வழி இருக்கவில்லை. பாலம் வடக்கே போகும், வரைபடத்தைத் திருத்துங்கள் என்றார்கள். ஊர் கை தட்டியது. ஒச்சம்மா என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினாள்.

அப்போது பவுன்தாயி எழுந்தாள். “அய்யா, ஒண்ணு கேக்கலாமா?”

“சொல்லும்மா.”

“வ-ன்னா வருவான்னு வாசிக்கக் கூடாதாய்யா?”

யாரோ சிரித்தார்கள், பிறகு சிரித்தவரே நிறுத்திக்கொண்டார். எழுத்தர் பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, ‘பொருத்தமற்ற கேள்வி’ என்று பதிவு செய்தார்.

“ஏண்டி பவுனு,” என்றாள் ஒச்சம்மா, மெதுவாக, “ஒரு நெழலுக்காகப் பத்தொம்பது அடுப்ப அணைக்கச் சொல்லுறியா?”

“சொல்லல ஒச்சு. கேட்டேன்.”

கிளம்பும்போது அவள் என் பின்னாலேயே பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள். “எப்ப தாயி அழிப்ப?” “நாளைக்கும்மா.” “காலம்பற அழிச்சிராத. நாலு நாப்பது தாண்டி அழி. நான் ஒரு தடவ தொட்டுக்கிறேன்.” சரி என்றேன். எந்த வாதமும் இல்லாமல் நான் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சாரல் பிடித்துக்கொண்டது. மலை மேலிருந்து மேகம் இறங்கி ஈச்சங்குண்டை மூடியது; வெயில் இல்லை, நிழல் இல்லை. நான் திருத்தவில்லை. தினமும் நாலரைக்கு டீக்கடைக்குப் போன் போட்டேன். “அண்ணே, வெயில் இருக்கா?” “இல்லத்தா. மூடிக்கெடக்கு. பவுன்தாயி வாசல்ல ஒக்காந்துருக்கு.” புதன், வியாழன், வெள்ளி. சனிக்கிழமைக்குள் திருத்திய வரைபடம் போகாவிட்டால் பழையதையே டெண்டர் விடுவார்கள் என்று சார் சொன்னார். எப்படா பிசகுவாள் என்று தேக்குத் தோப்புக்காரர்கள் காத்திருந்தார்கள். சனிக்கிழமை நாலு நாற்பதுக்கு மறுபடி போட்டேன். “ஒரு பொட்டு வெயில் இல்லத்தா. அது நனைஞ்சுக்கிட்டே ஒக்காந்துருக்கு.” ஐந்து மணிக்கு, கம்ப்யூட்டரில், வளைவின் கோணத்துக்கு முன்னால் இருந்த கூட்டல் குறியைக் கழித்தல் குறி ஆக்கினேன். பாலம் ஒரு துடிப்பில் அந்தப் பக்கம் புரண்டு படுத்தது. சார் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை மை காய ஊதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பளீரென்று வெயில் அடித்தது. ஈச்சங்குண்டு எழுந்து வந்து பார்த்தது. தரை முழுக்கத் தரையாக இருந்தது. காயைப் பழைய களத்திலேயே கொட்டினார்கள், சூடு தாங்கவில்லை என்று முனகினார்கள். பெத்தணனின் பெஞ்சு ஒரே இடத்தில் கிடந்தது. நகராமல் உட்கார்ந்ததால் பேச்சும் நகரவில்லை, பாதியில் எழுந்து போனார்கள். ஆனாலும் தாய்மார்கள் கிணற்றடியைப் பார்த்து, “மூணாங்கால் தொட்டுருச்சு, புள்ளைக வார நேரம்” என்று சொல்வதை விடவில்லை. நாலரை ஆனால் யாரும் சொல்லாமலே ஊர் நாலு நிமிஷம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது. பவுன்தாயி கைகளைப் பின்னால் ஊன்றி, காலியான மடியோடு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்துப் பாலம் திறந்தார்கள். எனக்கு அதற்குள் வேறு ஊரில் வேலை. லீவு போட்டுவிட்டு வந்து, வெயிலில் பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தேன். அழகான பாலம். வடக்கே ஒயிலாகத் திரும்புகிறது. அதன் நிழல், வெட்டியதுபோக மிச்சமிருக்கும் தேக்குகளின் மேல் விழுகிறது. டவுனிலிருந்து வருகிறவரின் இடது கால் பள்ளத்தில் இறங்குகிறது. எல்லாம் சரி. புக்கில் இருக்கிற கணக்குப்படி எல்லாம் மிகச் சரி. மூன்றாம் தூணுக்கு மேலே நின்று குனிந்து பார்த்தேன். தெற்கே தூரத்தில் ஈச்சங்குண்டு தெரிந்தது. வீடுகளை எண்ணினேன். பதினெட்டு. மறுபடி எண்ணினேன்.

இறங்கி ஓடினேன். பவுன்தாயி ஏணியில் நின்று தன் வீட்டின் கடைசி வரிசை ஓடுகளை இறக்கிக்கொண்டிருந்தாள். கூரை முன்பே போயிருந்தது, சுவர்கள் இடுப்பளவு. சாமான்கள் ஒச்சம்மா வீட்டில்.

“பாலத்துல மொத பஸ்ஸு போன அன்னைக்கே ஆரம்பிச்சிருச்சு,” என்றாள் ஒச்சம்மா. “ஊரே சொல்லிப் பாத்துட்டோம். நீ வந்து பேசு தாயி. ஒனக்குத்தான் பேச வரும்ல.”

“அம்மா,” என்றேன், “இந்த வீட்டுக்காகத்தானே அத்தனையும்...”

“தெரியும் தாயி. நீதான் மீட்டுக் குடுத்த. எங்கிட்ட இருக்கப் போயித்தான் நான் எறக்க முடியுது.” ஓட்டை நீட்டினாள். “புடி.”

எனக்குத் தெரிந்த அத்தனை வாதங்களையும் உள்ளுக்குள் ஒரு முறை தேடிப் பார்த்தேன். ஓட்டைப் பிடித்தேன். அடுத்ததைப் பிடித்தேன். மாலைக்குள் சுவரும் இறங்கியது. ஒச்சம்மா வந்து கை கொடுத்தாள், பெத்தணன் கடையை மூடிவிட்டு வந்தார், திட்டிக்கொண்டே எல்லாரும் வந்தார்கள். அடுப்புக்கல் மூன்றையும் பவுன்தாயி தானே பெயர்த்தாள். அந்த இடம் மொழுமொழுவென்று வெறும் தரையானதும் ஒரு சட்டிச் சுண்ணாம்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“மேல இருந்து பாத்தாத் தெரியணும். பெருசா எழுது. அன்னைக்குக் கூட்டத்துல பேசினீகளே, அந்த எழுத்து.”

எழுதினேன். பன்னிரண்டு எட்டு நீளம். கோடு போகும் இடமெல்லாம் அவள் துடைப்பத்தால் முன்னால் பெருக்கிக்கொண்டே போனாள். வ. வெள்ளை வெளேரென்று தரையில் கிடந்தது. மேலே, நாலு நாற்பது பஸ் பாலத்தில் ஏறித் திரும்பிக்கொண்டிருந்தது.

“பக்கத்துல ஒரு கால் இழுத்துட்டா ‘வா’ன்னு ஆயிரும்மா,” என்றேன். “இழுக்கவா?”

பவுன்தாயி பஸ் போய் மறையும் வரைக்கும் பாலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வேணாம். என்னா எழுத்துன்னு கேக்க எறங்கி வரணும்ல,” என்றாள். “கால் போடாத தாயி. கால அவன் கொண்டாரட்டும்.”